இரண்டு டர்ன்டேபிளுக்கு நடுவே எந்தப் பழைய மிக்ஸர்? வீட்டில் இசைத்தட்டு இசைப்பவருக்கான ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் இரண்டு டர்ன்டேபிள்களின் ஒலியைக் கலக்கும் பழைய டிஜே மிக்ஸர் வாங்க நினைப்பவர் கேரோசல் இணையச் சந்தையில் தேடத் தொடங்கினால், தம்முள் சற்றும் ஒப்பில்லாத கருவிகள் ஏறத்தாழ ஒரே விலைக்கு அடுத்தடுத்து வந்து நிற்பதைக் காண்பார். ஒரு காலத்தில் இரவு விடுதியின் மேடையில் இருந்த நான்கு சேனல் பயனியர், யாரோ படுக்கையறையில் வைத்துச் சிறிது காலம் பழகிவிட்டு விற்கும் இரண்டு சேனல் மிக்ஸர், ஜப்பானிலிருந்து வந்திறங்கிய பழம்பொருள்களுக்கு நடுவே கிடக்கும் வெஸ்டாக்ஸ் ஆகிய மூன்றுக்கும் கேட்கும் தொகையில் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம். புதிய பொருளில் விலை ஓரளவுக்குத் தரத்தைச் சொல்லும். பழைய பொருளிலோ அது பெரும்பாலும் அந்தக் கருவி புதிதாக இருந்தபோது பெற்றிருந்த புகழைத்தான் சொல்கிறது. வீட்டில் இரண்டு டர்ன்டேபிள் வைத்து இசைத்தட்டுகளை மட்டும் இசைப்பவரின் தேவைக்கும் அந்தப் புகழுக்கும் உள்ள தொடர்பு மெலிது என்பதே என் கருத்து. டர்ன்டேபிளைச் செருகும் ஃபோனோ உள்ளீட்டின் தரம், ஒலியளவை ஏற்றி இறக்க நகர்த்தும் ஃபேடர்களின் தற்போதைய நிலை, தேய்ந்த உறுப்புக்கு மாற்று கிடைக்கும் வாய்ப்பு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். எதிரொலி போன்ற எஃபெக்டுகளையும் சேனல்களின் எண்ணிக்கையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கலப்பதற்கு முன்பே மிக்ஸர் செய்தாக வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட் மட்டுமே; சீடி பிளேயர் தரும் லைன் அளவு அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அது போதாதென்று, தட்டை வெட்டும்போது கீழ்க்குரல் ஒலிகளைக் குறைத்தும் மேல்குரல் ஒலிகளைக் கூட்டியும் வெட்டுகிறார்கள். பள்ளங்கள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கவும் தேய்ப்பு இரைச்சல் அடங்கவும் இதுவே வழி. 1954 முதல் நடைமுறையில் இருக்கும் ஆர்ஐஏஏ வளைவின்படி, ஃபோனோ முன்பெருக்கி இதை நேர்மாறாகத் திருப்பி, 20 ஹெர்ட்ஸ் அருகே சுமார் 20 டெசிபல் உயர்த்தியும் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே ஏறத்தாழ அதே அளவு தாழ்த்தியும் ஒலியைச் சமன் செய்கிறது. இந்த உயர்த்தலுக்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது: நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் உள்ளே புகுந்துவிட்டால் அதுவும் கூடவே 17 டெசிபல் அளவுக்கு உயர்ந்துவிடும். ஆகவே மலிவாகச் செய்யப்பட்ட, அல்லது வயதாகி மின்தேக்கிகள் தளர்ந்த ஃபோனோ பகுதி தன் குறையை உடனே காட்டிக்கொடுக்கும்; அதே மிக்ஸரில் லைன் உள்ளீடு மாசில்லாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். விற்பவர் கைப்பேசியை இணைத்துப் பாட்டுப் போட்டுக் காட்டுவதால் நமக்குத் தெரியவருவது மிகக் குறைவு என்பதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்காரருக்கு இதில் விடுதிக்காரரைவிடக் கூடுதல் சிக்கல் உள்ளது. டிஜேக்கள் நெடுங்காலம் நம்பியிருந்த ஷூர் எம்44-7 கார்ட்ரிட்ஜ் 9.5 மில்லிவோல்ட் தரக்கூடியது. ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. வீட்டில் பலரும் வைத்திருக்கும் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ தருவதோ 4 மில்லிவோல்ட். இரண்டுக்கும் இடைவெளி 7 டெசிபலுக்கு மேல். அதை உள்ளீட்டின் அளவைக் கூட்டும் டிரிம் குமிழைத் திருகித்தான் ஈடு செய்ய வேண்டும், அப்படித் திருகும்போது ஃபோனோ பகுதியின் இரைச்சலும் உடன் ஏறும். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ்த் திரையிசைத் தட்டுகள் இந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்குகின்றன. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டுகளை அடைத்து வெட்டிய எல்பி, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு வைத்து 45 சுழற்சி வேகத்தில் வெட்டிய பன்னிரண்டு அங்குல நடனத் தட்டைவிடச் சத்தம் குறைவாகவே ஒலிக்கும். சத்தமான ஒரு டிஸ்கோ தட்டிலிருந்து அப்படிப்பட்ட எல்பிக்கு மாற வேண்டுமானால், டிரிம் குமிழில் நிறைய இடமும் அந்த இடம் முழுவதிலும் அமைதியும் இருக்க வேண்டும். மூவிங் காயில் வகைக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எந்த மிக்ஸரும் நேரடியாக உதவாது. அவர் தனி முன்பெருக்கி வைத்து லைன் உள்ளீட்டில் இணைக்க வேண்டும், அல்லது மூவிங் மேக்னட் வகைக்கு மாற வேண்டும்.

ஆடியோ-டெக்னிக்கா எல்பி120 போன்ற டர்ன்டேபிள்களில் ஃபோனோ முன்பெருக்கி உள்ளேயே இருப்பதால், பின்னால் உள்ள விசையை லைன் பக்கம் தள்ளிவிட்டு மிக்ஸரின் லைன் உள்ளீட்டில் இணைக்கலாம். அப்போது மிக்ஸரின் ஃபோனோ தரம் பொருட்டாகாது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசையில் அந்த வசதி கிடையாது. எதைச் செய்தாலும், முன்பெருக்கி போட்டிருக்கும் டர்ன்டேபிளை மிக்ஸரின் ஃபோனோ உள்ளீட்டில் செருகக் கூடாது. இரண்டு முறை சமன் செய்யப்பட்ட ஒலி மந்தமாகவும் சிதைந்தும் வரும்.

இனி கருவிகளைப் பார்ப்போம். பயனியரின் பெரிய மிக்ஸர்கள்தாம் அதிகம் கண்ணில் படுபவை. 2006இல் வந்த டிஜேஎம்-800, 2011இல் வந்த டிஜேஎம்-900 நெக்ஸஸ், 2016இல் வந்த டிஜேஎம்-900என்எக்ஸ்எஸ்2 ஆகிய மூன்றும் உலகெங்கும் விடுதிகளில் வழக்கமான கருவியாக இருந்தவை. இவற்றில் பழகிய கை எந்த மேடையிலும் தடுமாறாது என்பது உண்மையான நன்மை. மேடையேறும் எண்ணம் இருப்பவர் இந்த நன்மைக்காகவே இவற்றை வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் தயங்கியே பரிந்துரைப்பேன். விடுதியிலிருந்து வந்த மிக்ஸரை வாங்குவது டாக்ஸியாக ஓடிய காரை வாங்குவதைப் போன்றது. வெளியே துடைத்து வைத்திருந்தாலும் உள்ளே ஓடிய தூரம் ஓடியதுதான். வாரத்தில் பல இரவுகள், பல கைகள், மேலே கவிழ்ந்த பானங்கள், 2007 ஜூலை 1ஆம் தேதி இரவு விடுதிகளுக்குள் புகைபிடிக்கத் தடை வருவதற்கு முன்பு அங்கே இருந்த கருவியானால் ஃபேடர்களுக்குள் படிந்த புகைப் பசை என எல்லாவற்றையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறோம். மேலும் டிஜேஎம்-900 நெக்ஸஸில் நான்கு சேனல்கள் இருந்தும் ஃபோனோ உள்ளீடுகள் இரண்டே. என்எக்ஸ்எஸ்2 மாதிரியில்தான் நான்கு உண்டு. இரண்டு டர்ன்டேபிள் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டே போதும் என்பது சரிதான். ஆனால் பயன்படாத மற்ற இரண்டு சேனல்களுக்கும் அவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இவை ஒலியை எண்களாக மாற்றிக் கலக்கும் டிஜிட்டல் மிக்ஸர்கள் என்பதால் இசைத்தட்டின் இயல்பான ஒலி கெட்டுவிடும் என்று சொல்வோர் உண்டு. டிஜேஎம்-800 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்குவது. அதில் இழக்கப்படுவதைக் காதால் பிரித்தறிவது கடினம் என்றே நான் நினைக்கிறேன். என் தயக்கம் பழுதுபார்ப்பைப் பற்றியது. அனலாக் மிக்ஸரில் ஒரு சேனல் ஊமையானால், ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் அனுபவமுள்ள எவரும் சுற்றைப் பின்தொடர்ந்து குற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம். நெருக்கமாக அடுக்கப்பட்ட டிஜிட்டல் பலகையில் செயலி ஒன்று போய்விட்டால், அதே பலகை கிடைத்தால்தான் வழி. இருபது ஆண்டை நெருங்கும் கருவிக்கு அதை எதிர்பார்க்க இயலாது. தோற்றத்தைக் கொண்டு வயதை மதிப்பிட ஒரு சிறு குறிப்பு: பயனியரின் டிஜே பிரிவு 2015இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது; அதன் பிறகு சில ஆண்டுகள் வெளிவந்த மாதிரிகளில் பயனியர் டிஜே என்ற முத்திரை இருக்கும், வெறும் பயனியர் என்றிருந்தால் அந்த மாதிரி அதற்கு முந்தியது.

ஆலன் அண்ட் ஹீத் வேறு வழியில் வந்த நிறுவனம். 1969இல் இங்கிலாந்தில் தொடங்கி, இசைக்கச்சேரிகளுக்கும் ஒலிப்பதிவுக்கும் மிக்ஸிங் மேசைகள் செய்துவந்ததன் தடம் அதன் டிஜே மிக்ஸர்களிலும் தெரிகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொண்டாடப்படும் ஸோன்:92 முழுவதும் அனலாக். நான்கு இசைச் சேனல்களிலும் தனித்தனியே ஃபோனோ உள்ளீடு, ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் நான்கு பட்டை ஈக்யூ, அதோடு மின்னழுத்தத்தால் இயங்கும் இரண்டு ஃபில்டர்கள். அந்த ஃபில்டரைத் திருப்பும்போது பாட்டு மெல்ல நீருக்குள் இறங்கி மறுபடி மேலே வருவதை ஒருமுறை கேட்டவர்கள் வேறு மிக்ஸரைத் தேடுவதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் விடுதியிலிருந்து வந்த ஸோன்:92க்கும் நான் மேலே சொன்ன டாக்ஸி வாதம் அப்படியே பொருந்தும். நல்ல நிலையில் உள்ளதற்கு விற்பவரும் அதற்கேற்ற விலையே சொல்வார்.

வீட்டுக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதன் தம்பியான ஸோன்:23. இதில் இரண்டு சேனல்கள்தாம்; ஆனால் ஒவ்வொரு சேனலிலும் ஒரு ஃபோனோவும் ஒரு லைனும் தனித்தனி அளவுக் குமிழோடு ஒரே நேரத்தில் வேலை செய்வதால், டர்ன்டேபிளின் கம்பியைக் கழற்றாமலே கைப்பேசியையோ சீடி பிளேயரையோ சேர்த்துக்கொள்ளலாம். அண்ணனின் ஃபில்டர் இதிலும் உண்டு. மூன்று பட்டை ஈக்யூவின் ஒவ்வொரு குமிழையும் இடது முனைவரை திருகினால் அந்தப் பட்டை முழுவதும் அடங்கிவிடும். ஒரு பாட்டின் தாளத்தை மட்டும் நிறுத்திவிட்டு மற்றொன்றின் தாளத்தை அதன் இடத்தில் வைப்பதற்கு இது இன்றியமையாதது. ஒரு பக்கத்துப் பாட்டிலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றும் கிராஸ்ஃபேடர் தேய்ந்தால் இன்னோஃபேடர் எனப்படும் தொடுகையற்ற மாற்று ஃபேடரைப் பொருத்திக்கொள்ளவும் இடம் இருக்கிறது. கணினியில் நேராகப் பதிவு செய்ய யூஎஸ்பி இல்லை என்பது இதன் குறை. அதற்கென ஒலி அட்டை சேர்த்த மாதிரி ஸோன்:23சி என்ற பெயரில் தனியாக வந்தது.

இதற்கு நேர் போட்டி பயனியர் டிஜேவின் டிஜேஎம்-250எம்கே2. 2017இல் வந்த இது விலைக்கு மிஞ்சிய கருவி என்பது என் மதிப்பீடு. பெரிய மிக்ஸரிலிருந்து எடுத்த காந்த வகைக் கிராஸ்ஃபேடர், இரண்டு ஃபோனோ உள்ளீடுகள், உள்ளேயே ஒலி அட்டை ஆகியவை ஒரு சிறிய பெட்டிக்குள் அடங்கியிருக்கின்றன. அப்பாவின் பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றி வைக்க விரும்புவோருக்கு இந்த ஒலி அட்டை தனியாக ஒரு கருவி வாங்கும் செலவை மிச்சப்படுத்தும். மேலும் இத்தகைய சிறிய மிக்ஸரை எந்த விடுதியும் பயன்படுத்தியிருக்க வாய்ப்பில்லை. விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பழகத் தொடங்கி ஆர்வம் குறைந்தவர்களிடமிருந்து வருகின்றன, பல நேரங்களில் பெட்டியோடு. ஒலியின் உடல்வாகில் ஸோன்:23 ஒரு படி மேல் என்பேன். ஆனால் இரண்டில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்குவதில் எந்த இழப்பும் இல்லை.

தட்டைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தி ஒலி எழுப்பும் ஸ்கிராட்ச் செய்ய விரும்புவோரின் தேவை முற்றிலும் வேறு. அவர்களுக்குக் கிராஸ்ஃபேடர்தான் வாத்தியம். ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான முறை அது திறந்து மூடும். சாதாரண ஃபேடரில் கரித் தடம் ஒன்றின் மேல் உலோக நாக்கு ஒன்று உரசிச் செல்கிறது. பழைய மலிவு மிக்ஸர்களில் ஒலியே அந்தத் தடத்தின் வழியாகச் செல்வதால், தடம் தேய்ந்ததும் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் கரகரப்பு கேட்கும். அடுத்த தலைமுறையில் ஃபேடர் வழியாகக் கட்டுப்பாட்டு மின்னழுத்தம் மட்டுமே செல்ல, ஒலியை வேறொரு பெருக்கி ஏற்றி இறக்குகிறது. இதில் தேய்மானம் கரகரப்பாக வெளிப்படாமல், முழுதாக மூடிய பின்பும் மறுபக்கத்துப் பாட்டு மெலிதாகக் கசிவதாக வெளிப்படும். ரேன் நிறுவனம் காந்தத்தின் நிலையை உணர்ந்து இயங்கும் ஃபேடரைக் கொண்டுவந்த பிறகுதான் உரசல் என்பதே இல்லாமல் போனது. 1981இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு 2016இல் இன்மியூசிக் நிறுவனத்தின் கைக்குப் போன ரேனின் பழைய மிக்ஸர்கள் இன்றும் தேடப்படுவதற்கு இந்த ஃபேடர் ஒரு பெரிய காரணம்.

அவற்றில் 2006இல் வந்த டிடிஎம் 57எஸ்எல் அடிக்கடி விற்பனைக்கு வருகிறது. அது கணினிப் பாட்டுகளை இயக்கும் செராட்டோவின் ஸ்கிராட்ச் லைவ் மென்பொருளுக்கெனச் செய்யப்பட்டது; அந்த மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது. இசைத்தட்டை மட்டும் வைத்து ஸ்கிராட்ச் செய்பவருக்கு அது இன்றும் நல்ல மிக்ஸர். புதிய கணினியோடு இணைக்கலாம் என்ற நம்பிக்கையில் வாங்குபவர் ஏமாறுவார். குறியீட்டுத் தட்டு வைத்துக் கணினிப் பாட்டுகளை இயக்க வேண்டியவர்கள் 2015இல் வந்த டிஜேஎம்-எஸ்9 அல்லது 2017இல் வந்த ரேன் செவன்டி-டூ போன்ற பிற்கால மாதிரிகளைப் பார்க்க வேண்டும். அப்போதும் தங்கள் கணினியின் இயங்குதளத்துக்கு ஏற்ற இயக்கி மென்பொருள் இன்னும் வெளியாகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் சரிபார்த்த பின்பே பணம் கொடுக்க வேண்டும். வெஸ்டாக்ஸ் பிஎம்சி-05ப்ரோவின் மேல் எனக்குப் பற்று உண்டு. கைக்கு அடக்கமான, அழகான கருவி. ஆனால் வெஸ்டாக்ஸ் 2014இல் மூடப்பட்டுவிட்டது. அதன் உறுப்புகளைத் தேடுவது தனிப் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கும் வேண்டும் என்பவர் மட்டும் வாங்கலாம்.

பெரிங்கர், நியூமார்க் நிறுவனங்களின் மலிவு மிக்ஸர்கள் கலக்கக் கற்றுக்கொள்ளப் போதும். அவற்றின் ஃபோனோ இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா என்பது ஒன்றே கேள்வி. ஃபேடருக்குப் பதிலாகப் பெரிய குமிழ்கள் கொண்ட ரோட்டரி மிக்ஸர்கள் ஒலியில் உயர்ந்தவை, விலையிலும் அப்படியே; இங்கே அவை பழையனவாக விற்பனைக்கு வருவது அரிது.

எஃபெக்டுகளைப் பற்றி ஒரு சொல். பயனியரின் பெரிய மிக்ஸர்கள் பாட்டின் தாள வேகத்தைத் தாமே கணக்கிட்டு, அதற்கேற்ப எதிரொலியையும் சுழற்சியையும் அமைப்பவை. கணினியில் உருவான நடன இசைக்கு இது துல்லியமாகப் பொருந்தும். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் வந்த தமிழ்த் திரைப்பாட்டு அப்படி உருவானதன்று; ஒரு கூடத்தில் அமர்ந்த வாத்தியக் குழுவினர் நேரடியாக வாசித்தது. பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் சற்று விரைவு, தபேலா நின்று வயலின்கள் மட்டும் ஒலிக்கும் இடத்தில் தாளமே மறைந்து மீள்வது என்றெல்லாம் அது நகரும். மிக்ஸரின் எண்ணி அங்கே தாவித் தாவி வேறு வேறு எண்களைக் காட்டும். இத்தகைய தட்டுகளைக் கலப்பதற்குத் தேவை, முழுதாக அடங்கும் ஈக்யூவும் நல்ல ஃபில்டரும் நிதானமாக நகரும் சேனல் ஃபேடரும்தான். அறுபதுகளின் மோனோ தட்டுகள் நிறைய வைத்திருப்பவர், மாஸ்டர் வெளியீட்டை மோனோவாக்கும் விசை மிக்ஸரில் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேலும் கீழுமாக அசைந்து பொறுக்கும் இரைச்சலில் பெரும்பகுதி அந்த விசையால் அடங்கிவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மிக்ஸரின் உண்மையான வெளியீடு ஹெட்ஃபோன் துளை என்பதை விற்பனை விவரங்களில் யாரும் எழுதுவதில்லை. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை அண்டை வீட்டாருக்குத் தொந்தரவு தராமல் இருக்க வேண்டும் என்பது வீவகவின் அறிவுறுத்தல். வேலை முடிந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் உறங்கிய பிறகு தட்டை எடுப்பவருக்கு அதுதான் இசைக்கும் நேரம். ஆகவே ஹெட்ஃபோன் வழியாகவே முழுக் கலவையையும் கேட்டு மகிழும்படி, கேட்கும் பாட்டுக்கும் வெளியே போகும் பாட்டுக்கும் இடையே அளவை மாற்றும் கியூ மிக்ஸ் குமிழ் கட்டாயம் வேண்டும். துளையில் செருகியை இலேசாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காதில் ஒலி விட்டு விட்டு வந்தால் உள்ளே பற்றவைப்பு விரிந்திருக்கிறது என்று பொருள். இடத்தையும் முன்பே அளந்துகொள்வது நல்லது. எஸ்எல்-1200 ஒன்றின் அகலம் 453 மில்லிமீட்டர். இரண்டுக்கு நடுவே 320 மில்லிமீட்டர் அகலமுள்ள டிஜேஎம்-800ஐ வைத்தால் இடைவெளி விடாமலே 1.2 மீட்டரைத் தாண்டிவிடும். வழக்கமான 1.2 மீட்டர் மேசையில் அது அடங்காது.

ஜப்பானிலிருந்து வரும் கருவிகள் தோற்றத்தில் பளபளப்பாகவும் பராமரிப்பில் ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் அந்நாட்டு உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட பல கருவிகள் 100 வோல்ட் மட்டுமே ஏற்பவை. அவற்றை இங்குள்ள 230 வோல்ட் மின்சாரத்தில் நேராகச் செருகினால் உருகியாவது போகும், மின்மாற்றியாவது கருகும். பின்புறத் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத் தெளிவான படம் கேட்காமல் வாங்கக் கூடாது. மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இயக்கலாம். அதை டர்ன்டேபிளின் அருகே வைத்தால் அதன் காந்தப் புலத்தைக் கார்ட்ரிட்ஜ் பொறுக்கி உறுமலாக்கும் என்பதால் தரையில் தள்ளி வைக்க வேண்டும். தாமே நேரடியாக இறக்குமதி செய்பவர், அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி எல்லையில் விதிக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தச் செலவுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால், உள்ளூரில் சற்று விலை கூடுதலாகத் தெரிந்த மிக்ஸர் மலிவாகிவிடும்.

நம் ஊரின் ஒப்பு ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். நெடுநாள் பயன்படுத்தாமல் சேமிப்பறையில் கிடந்த மிக்ஸர், அடிக்கடி பயன்பட்ட மிக்ஸரைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். தொடுபரப்புகளில் ஆக்ஸைடு படிந்து எல்லாக் குமிழ்களும் கரகரக்கும். இதில் பாதி, ஃபேடர்களுக்கென விற்கப்படும் மசகு கலந்த துப்புரவுத் தெளிப்பானால் சரியாகிவிடும். கதவுக் கீலுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய்த் தெளிப்பானை ஃபேடரில் அடிப்பவர் அதைக் கொன்றுவிடுகிறார். நகர்த்தும்போது கரகரக்கும் ஃபேடரைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். குமிழைத் தொடாமலே ஒரு பக்கம் மட்டும் தானாக மறைந்து மறைந்து வரும் ஒலியைப் பற்றிக் கவலைப்படுவேன்.

சிறிய பொருள்களை எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றிக்கொள்வது இங்கே வழக்கம். மிக்ஸருக்கு அது ஆகாது. மின்சாரம் உள்ள இடத்தில், முடிந்தால் விற்பவரின் டர்ன்டேபிளோடு, இல்லையென்றால் தூக்கிச் செல்லக்கூடிய ஒன்றையாவது எடுத்துச் சென்று சோதிக்க வேண்டும். டர்ன்டேபிளின் எர்த் கம்பியை மிக்ஸரின் திருகில் மாட்டிய பின், ஊசியைத் தட்டில் வைக்காமல் டிரிம்மை நன்றாக ஏற்றி, ஒவ்வொரு ஃபோனோ உள்ளீட்டின் அமைதியையும் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். எதுவும் இணைக்காத ஃபோனோ உள்ளீடு உறுமுவது இயல்பு என்பதால், வெறும் துளையை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. பிறகு தட்டை ஓடவிட்டு, கிராஸ்ஃபேடரை மறுபக்க முனைக்குத் தள்ளிக் கசிவு இருக்கிறதா என்று கேட்பது, ஒவ்வொரு சேனல் ஃபேடரையும் இறக்கி முழுமையாக அடங்குகிறதா என்று பார்ப்பது, இடமும் வலமும் ஒரே அளவில் வருகின்றனவா என்று ஒரு மோனோ தட்டால் சரிபார்ப்பது, பின்புற ஆர்சிஏ துளைகள் ஆடுகின்றனவா என்று தொட்டுப் பார்ப்பது ஆகிய அனைத்தும் கால்மணி நேர வேலை. இதற்கு இடம் தராத விற்பனையாளரை விட்டுவிடலாம். கிராஸ்ஃபேடர் ஒன்று மட்டும் குறை என்றால், மாற்று ஃபேடரின் விலையைக் கழித்துப் பேரம் பேசலாம்; வீட்டில் நீண்ட கலவைகள் மட்டும் செய்பவர் கிராஸ்ஃபேடரைத் தொடுவதே இல்லையாதலால் அவருக்கு அது உண்மையில் இலாபம். ஃபோனோ உறுமினால் எந்தத் தள்ளுபடியும் போதாது.

ஒரே விலைக்கு இவையெல்லாம் முன்னால் இருந்தால் என் தேர்வு இப்படி அமையும்: மெதுவாகக் கலப்பவருக்கு ஸோன்:23, அதோடு கணினியில் பதிவும் செய்ய வேண்டுமென்றால் டிஜேஎம்-250எம்கே2, ஸ்கிராட்ச் செய்பவருக்குக் காந்த ஃபேடர் கொண்ட ரேன், மேடைக்குப் போகும் எண்ணம் உள்ளவருக்கு மட்டும், அதுவும் தனியார் வீட்டில் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், டிஜேஎம்-900என்எக்ஸ்எஸ்2. ஸோன்:92 வீட்டிலிருந்து வந்து நியாயமான விலைக்குக் கிடைத்தால் மேற்சொன்ன வரிசையை நானே மீறுவேன்.

தனி ஒருவரிடம் வாங்குவதற்கும் கடையில் வாங்குவதற்கும் சட்டத்தில் வேறுபாடு உண்டு. 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள, குறைபாடுள்ள பொருள்களுக்கான சட்டம் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். ஆறு மாதங்களுக்குள் வெளிப்படும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்பட்டு, அப்படி இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவர்மேல் விழும். பழைய பொருளின் வயதும் விலையும் அப்போது கருத்தில் கொள்ளப்படும். ஆனால் இந்தப் பாதுகாப்பு வணிகம் செய்பவரிடம் வாங்கினால்தான் உண்டு. கேரோசலில் தம் சொந்த மிக்ஸரை விற்கும் தனிநபரிடம் வாங்குபவருக்குக் கிடையாது. கடைக்காரர் கேட்கும் கூடுதல் தொகையை இந்த ஆறு மாதத்துக்கான விலையாகக் கருதிப் பார்க்கலாம். அனலாக் மிக்ஸருக்கு அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்க நான் யோசிப்பேன். டிஜிட்டல் மிக்ஸருக்குத் தயங்காமல் கொடுத்து, விற்பனைச் சீட்டில் மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்வேன்.